பெட்டிக்கும் ஒரு விலாசம் வேண்டும்

கணினித் துறையில் படிக்கும் நம் மாணவர்களிடம் ஒரு சப்நெட் கணக்கைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். டிப்ளோமா முதலாம் ஆண்டிலேயே படித்துவிடுகிற பாடம் அது. ஆனால் ஒரு பெட்டியைக் கையில் கொடுத்து, "இதற்கு ஒரு முகவரி வை, நாளை காலை உன் வீட்டிலிருந்தே இதைத் திறக்க வேண்டும்" என்று சொன்னால் பலர் விழிப்பார்கள். கணக்கு தெரியும், வேலை தெரியாது. அந்த இடைவெளி சிறியதல்ல என்பதுதான் என் கருத்து. அதை விளக்க நான் எடுத்துக்கொள்வது பலர் பெயர்கூடக் கேட்டிராத ஒரு சாதனம்: தொலைவிலிருந்து இயக்கும் கேவிஎம் சுவிட்ச்.

விசைப்பலகை, வீடியோ, மவுஸ் ஆகிய மூன்றின் ஆங்கில முதலெழுத்துகள்தாம் கேவிஎம். சர்வர் அறையில் எட்டு இயந்திரம் இருந்தால் எட்டுத் திரை வைக்க இடமிருக்காது. ஒரே திரை, ஒரே விசைப்பலகையை வைத்துக்கொண்டு, பொத்தானை அமுக்கி ஒவ்வோர் இயந்திரமாக மாறிக்கொள்வார்கள். அந்த மாற்றும் பெட்டிதான் கேவிஎம் சுவிட்ச். பிறகு அதே பெட்டியில் ஒரு நெட்வொர்க் கேபிளையும் செருகினார்கள். அதோடு கதை மாறிவிட்டது. ஈப்போவில் உட்கார்ந்துகொண்டு சைபர்ஜெயாவில் இருக்கும் இயந்திரத்தின் திரையைப் பார்க்கலாம், அதன் விசைப்பலகையைத் தட்டலாம்.

"எனிடெஸ்க், டீம்வியூவர் இருக்கிறதே, இது எதற்கு?" என்று கேட்பீர்கள். அவையெல்லாம் இயந்திரம் நலமாக இருக்கும்போதுதான் வேலை செய்யும். விண்டோஸ் எழுந்து, இணையத்தில் இணைந்து, அந்தச் செயலியும் ஓடினால்தான் நீங்கள் உள்ளே போக முடியும். விண்டோஸே எழவில்லை என்றால்? 2024 ஜூலை 19ஆம் தேதி நடந்தது அதுதான். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான புதுப்பிப்புக் கோப்பால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்கள் நீலத்திரையோடு நின்றன. கேஎல்ஐஏ இரண்டாம் முனையத்தில் ஏர்ஏசியா பயணிகள் நீண்ட வரிசையில் காத்திருந்ததை நாம் செய்தியில் பார்த்தோம். தீர்வு எளிது: பாதுகாப்பு நிலையில் இயந்திரத்தைத் தொடக்கி, ஒரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் அதைச் செய்ய யாராவது அந்த இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார வேண்டும், ஒவ்வொன்றின் முன்னாலும். கேவிஎம் பெட்டி பொருத்தப்பட்ட இயந்திரங்களை வீட்டிலிருந்தே எழுப்ப முடிந்தது. ஏனென்றால் அந்தப் பெட்டிக்கு விண்டோஸ் தேவையில்லை. திரைக்குப் போகிற படத்தை அது பிடித்துக்கொள்கிறது, விசைப்பலகையாக நடிக்கிறது. இயந்திரத்தைப் பொறுத்தவரை எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

இந்தப் பெட்டியைப் பொருத்துவதில் கடினமான பகுதி கேபிள் அல்ல, முகவரிதான். இதைப் பாடப்புத்தகத்தை விட நம் தோட்டத்து வாழ்க்கையை வைத்து விளக்குவது எளிது என்று எனக்குத் தோன்றுகிறது.

என் பாட்டி இருந்தது சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே வரும் கடிதத்தில் தெருப் பெயர் இருக்காது. ஆள் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன், சுங்கை சிப்புட் வடக்கு, பேராக். முடிந்தது விலாசம். தபால் பை தோட்ட ஆபீசுக்கு வரும். கிராணி பிரித்துப் பார்த்து, இது மேட்டு லயத்து முனியம்மாவுக்கு, இது ஆத்தோர லயத்து முனியம்மாவுக்கு என்று ஆள் வைத்து அனுப்புவார். தோட்டத்துக்குள் எத்தனை லயம், எந்த வீட்டில் யார் என்பது பட்டணத்துத் தபால் நிலையத்துக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. "மேட்டு லயம், ஏழாம் வீடு" என்பது ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கும். தோட்டத்துக்குள் இருக்கும்வரை அதில் குழப்பமும் இல்லை.

நம் வீட்டு வைஃபை அப்படியே இதுதான். உங்கள் மடிக்கணினிக்கு 192.168.1.7 என்று ஒரு முகவரி இருந்தால், புந்தோங்கில் இன்னொரு வீட்டிலும் அதே 192.168.1.7 இருக்கும். 1996இல் வகுத்த விதிப்படி 192.168, 10, 172.16 முதல் 172.31 வரை தொடங்கும் எண்கள் உள்வீட்டுப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டவை. வெளியுலகத்துக்குத் தெரிவது ரூட்டரின் முகவரி மட்டுமே. ரூட்டர்தான் தோட்ட ஆபீஸ், அதற்குள் உட்கார்ந்திருப்பவர் கிராணி.

இப்போது பெட்டிக்கு வருவோம். புதிதாக வாங்கிய கேவிஎம் பெட்டி தொழிற்சாலையிலிருந்தே ஒரு தொடக்க முகவரியோடு வரும். ஏடென் நிறுவனத்தின் பல பெட்டிகள், முகவரி கொடுக்க யாரும் இல்லாவிட்டால் 192.168.0.60 என்பதை எடுத்துக்கொள்ளும். ராரிடன் பெட்டிகளில் 192.168.0.192. உங்கள் ரூட்டரோ 192.168.1 என்ற வரிசையில் எண் கொடுக்கிறது. கேபிளைச் செருகி, விளக்கு பச்சையாக எரிந்தும், பெட்டி கண்ணில் படாது. பெட்டி பழுதில்லை. அது பக்கத்துத் தோட்டத்து விலாசத்தோடு உங்கள் லயத்தில் உட்கார்ந்திருக்கிறது. மடிக்கணினியின் முகவரியைச் சற்று நேரத்துக்கு 192.168.0.10 என்று மாற்றிக்கொண்டு, ஒரே கேபிளால் இரண்டையும் இணைத்து, உள்ளே போய்ப் புதிய எண்ணை எழுதிவிட்டு வெளியே வர வேண்டும். இந்தச் சின்ன வித்தையைப் பார்த்திராத இறுதியாண்டு மாணவர்கள் உண்டு. அவர்களே சப்நெட் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள்.

பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் நான்கு கட்டங்கள் இருக்கும்: முகவரி, மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ். மாஸ்க் என்பது அந்த எண்ணில் எதுவரை தோட்டத்தின் பெயர், எங்கிருந்து வீட்டு எண் என்று பிரித்துச் சொல்கிற கோடு. 255.255.255.0 என்றால் முதல் மூன்று பகுதியும் தோட்டம், கடைசி ஒன்றுதான் வீடு. இதை எல்லாரும் சரியாக எழுதிவிடுவார்கள். பலர் கவனிக்காமல் விடுவது கேட்வே. அதுதான் தோட்டத்து வாசல். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாலும் பெட்டி வேலை செய்வது போலவே தெரியும். பக்கத்து மேசையிலிருந்து திறந்தால் திறக்கும். வீட்டுக்குப் போய் முயன்றால் திறக்காது. நீங்கள் அனுப்பிய கடிதம் பெட்டிக்குப் போய்ச் சேர்கிறது. பதில் எழுதி முடித்த பெட்டிக்கு எந்த வாசல் வழியாக அனுப்புவது என்று தெரியவில்லை, அதனால் பதில் அங்கேயே கிடக்கிறது. இப்படிப் பாதி வேலை செய்யும் பழுதுதான் ஆளை அலைக்கழிக்கும். முழுதாகச் செத்துப் போனால் காரணத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்து, முகவரியை யார் கொடுப்பது? வீட்டுக் கைப்பேசிகளுக்கெல்லாம் ரூட்டரே டிஎச்சிபி என்ற முறையில் ஓர் எண்ணைக் கொடுத்துவிடுகிறது. இன்றைக்கு 7, நாளைக்கு 12. கைப்பேசியை யாரும் தேடிப் போவதில்லை, அதனால் எண் மாறினாலும் பாதகமில்லை. கேவிஎம் பெட்டி அப்படியல்ல. அவசரத்தில் நாம்தான் அதைத் தேடிப் போகிறோம். அதற்கு எண் மாறக்கூடாது.

இதில் இரண்டு கட்சி உண்டு. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் மேக் முகவரியை ரூட்டரில் பதிந்து, "இந்தப் பெட்டி வந்தால் எப்போதும் 20ஆம் எண்ணையே கொடு" என்று சொல்லி வைக்கலாம் என்பது ஒரு கட்சி. எல்லா எண்களும் ஒரே இடத்தில் இருக்கும், நிர்வகிக்க வசதி. பெட்டிக்குள்ளேயே எண்ணை நிரந்தரமாக எழுதிவிட வேண்டும் என்பது மற்றொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. காரணம் எளிது. இந்தப் பெட்டி வாழ்வதே கெட்ட நாளுக்காக. அந்தக் கெட்ட நாளில் எண் கொடுக்கிற ரூட்டரோ சர்வரோ படுத்திருக்கலாம். மின்சாரம் போய் வந்து பெட்டி விழித்து எழும்போது எண் கொடுக்க யாரும் இல்லையென்றால், அது 169.254 என்று தொடங்கும் ஓர் அநாதை எண்ணைத் தானே சூட்டிக்கொள்ளலாம், அல்லது தொழிற்சாலை எண்ணுக்குத் திரும்பிவிடலாம். காப்பாற்ற வேண்டியவனையே நாம் தேட வேண்டியிருக்கும். நிரந்தர எண்ணை எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரூட்டர் தானாகக் கொடுக்கும் எண்களின் வரம்புக்கு வெளியே அது இருக்க வேண்டும். ரூட்டர் 100 முதல் 199 வரை கொடுக்கிறது என்றால், பெட்டிக்கு 20 என்று வைக்கலாம். வரம்புக்குள்ளேயே வைத்துவிட்டால் ஒருநாள் யாரோ ஒருவரின் கைப்பேசிக்கும் அதே எண் போய்ச் சேரும். ஒரே லயத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் கடிதம் இன்றைக்கு ஒருவருக்கும் நாளைக்கு மற்றவருக்கும் போகுமே, அந்த நிலைதான்.

நிரந்தர எண்ணிலும் ஒரு குறை உண்டு என்பதை மறைக்கக்கூடாது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான் வந்தது. தோட்டம் மூடியதும் ஆள்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் சிதறிப் போனார்கள். பழைய விலாசத்துக்கு வந்த கடிதங்களைப் பிரித்துக் கொடுக்கக் கிராணியும் இல்லை, ஆபீசும் இல்லை. நெட்வொர்க்கிலும் இப்படி நடக்கும். இணையச் சேவையை மாற்றுவார்கள், புது ரூட்டர் வரும், அது வேறு வரிசையில் எண் கொடுக்கும். எல்லாக் கணினிகளும் புது எண்ணை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடும். பெட்டி மட்டும் மூடிய தோட்டத்தின் விலாசத்தோடு தனியே நிற்கும். அதனால்தான் பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்ட வேண்டும் என்கிறேன்: முகவரி, மாஸ்க், கேட்வே, எழுதிய தேதி. கடவுச்சொல்லை எழுத வேண்டாம். அதே விவரம் ஒரு பதிவேட்டிலும் இருக்க வேண்டும், காகிதப் பதிவேட்டில். சர்வர் படுத்துவிட்ட நாளில் சர்வருக்குள் இருக்கும் எக்செல் கோப்பை எப்படித் திறப்பீர்கள்?

இது சின்ன இடங்களுக்கான புலம்பல் என்று நினைக்க வேண்டாம். 2021 அக்டோபர் 4ஆம் தேதி, மலேசிய நேரப்படி நள்ளிரவுக்குச் சற்று முன், பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் உலகம் முழுவதும் மறைந்தன. வழக்கமான ஒரு பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, அந்த நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு இணைப்புகள் அனைத்தையும் துண்டித்துவிட்டது. அதைத் தொடர்ந்து அவர்களின் டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழியும் இணையத்திலிருந்து மறைந்தது. தொலைவிலிருந்து உள்ளே நுழைந்து சரிசெய்யலாம் என்று பார்த்தால், அவசரத்துக்கென்று வைத்திருந்த தனிப்பாதையும் அன்றைக்கு வேலை செய்யவில்லை. கடைசியில் பொறியாளர்களை நேரில் தரவு மையங்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. சேவை திரும்ப ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவர்களிடம் இல்லாத பணமா, இல்லாத கருவியா? மீட்பதற்கான வழியும் முறிவதற்கான வழியும் தனித்தனியாக இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்தே விழும். கேவிஎம் பெட்டியை அது காப்பாற்ற வேண்டிய அதே சுவிட்சில், அதே இணைப்பில் மாட்டி வைப்பது, பூட்டுக்குள்ளேயே சாவியை வைப்பது மாதிரி. முடிந்தால் பெட்டிக்கென்று ஒரு சிம் அட்டை போட்ட 4ஜி மோடம் வேண்டும்.

அங்கேதான் அடுத்த சிக்கல் வருகிறது. இதில் நம் தோட்டப்புற மாணவர்களுக்கு நேரடிச் சம்பந்தம் உண்டு.

இணையத்தின் பழைய முகவரி முறையான ஐபிவி4இல் மொத்தம் சுமார் 430 கோடி எண்கள்தாம். உலக மக்கள்தொகையோ 800 கோடி. 2011 பிப்ரவரி 3ஆம் தேதி உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி ஆசிய பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பும் கடைசித் துண்டுக்கு வந்துவிட்டது. எண் பற்றாக்குறையால், கைப்பேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் அடைத்து வைக்கின்றன. தோட்ட ஆபீசுக்கு மேலே இன்னொரு பெரிய ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல தோட்டங்களின் தபாலும் அங்கேதான் போகும். நீங்கள் வெளியே கடிதம் போட்டால் பெரிய கிராணி அதைக் குறித்து வைத்துக்கொண்டு, பதில் வந்ததும் சரியாக உங்களுக்கு அனுப்பிவிடுவார். வெளியிலிருந்து யாரோ தாமாக உங்களுக்குப் போடும் முதல் கடிதம் வந்தால், யாருக்கென்று அவருக்குத் தெரியாது. குப்பைக்குப் போகும்.

யூடியூப் பார்ப்பவருக்கு இதனால் எந்தக் குறையும் தெரியாது, ஏனென்றால் அவர்தான் எப்போதும் முதல் கடிதம் போடுகிறார். வீட்டில் ஒரு கேமராவோ சர்வரோ கேவிஎம் பெட்டியோ வைத்து வெளியிலிருந்து அதை அடைய நினைப்பவருக்குத்தான் கதவு மூடியிருக்கிறது. பட்டணத்துத் தாமானில் ஃபைபர் உள்ளவர், சில சமயம் கூடுதல் கட்டணம் கட்டியாவது, வெளியிலிருந்து அடையக்கூடிய முகவரியைக் கேட்டு வாங்கலாம். ஃபைபர் வராத பழைய தோட்டத்தில் கைப்பேசி இணையமே கதி என்றிருக்கும் மாணவருக்கு அந்தத் தேர்வு பெரும்பாலும் இல்லை. 2020இல் தொடங்கிய ஜெண்டெலா திட்டத்தைப் பற்றிப் பேசும்போது நாம் கோபுரங்களையும் மெகாபிட் வேகத்தையும்தான் எண்ணுகிறோம். அந்த வேகத்தில் வருவது ஒருவழிப் பாதையா இருவழிப் பாதையா என்று யாரும் கேட்பதில்லை. பார்ப்பதற்கு மட்டும் இணையம் உள்ளவரும், தானே ஒன்றை உருவாக்கி மற்றவர் வந்து பார்க்கும்படி வைக்கக்கூடியவரும் ஒரே இணையத்தில் இல்லை. என் வாதத்தின் மையம் இதுதான்.

உங்கள் நிலை என்னவென்று தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். ரூட்டர் அல்லது மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வெளிப்பக்க முகவரி என்னவென்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், அல்லது 10 என்று தொடங்கினால், பெரிய ஆபீசுக்குப் பின்னால்தான் இருக்கிறீர்கள். அந்த 100.64 வரிசையே 2012இல் இந்தப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கியதுதான்.

வழி இல்லாமல் இல்லை. பெட்டியையே முதல் கடிதம் போடச் சொல்லலாம். வயர்கார்டு, டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் மென்பொருள்கள் உள்ளிருந்து வெளியே ஒரு தொடர்பை ஏற்படுத்தி, அதைத் துண்டிக்காமல் பிடித்துக்கொண்டிருக்கும். நாம் அந்தத் தொடர்பின் வழியாகவே உள்ளே போகலாம். நிலையான தீர்வு ஐபிவி6. அதில் எண்ணுக்குப் பஞ்சமே இல்லை, ஒவ்வொரு சாதனத்துக்கும் உலகில் தனக்கென்று ஒரு விலாசம் கிடைக்கும். மலேசியா இதில் பின்தங்கிய நாடல்ல. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு தேசிய மையம் இயங்கியது. இன்று நம் நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட இணையப் பயனர்களிடம் ஐபிவி6 இருக்கிறது. இருந்தும் நம் பாடங்களில் அது கடைசி அத்தியாயம். நேரமிருந்தால் பார்ப்போம் என்று சொல்வார்கள், நேரம் இருப்பதில்லை. ஐபிவி6 முகவரி கிடைத்ததும் வேலை முடிந்தது என்றும் இல்லை. வெளியிலிருந்து வருவதை ரூட்டரும் கைப்பேசி நிறுவனமும் தடுத்து வைத்திருக்கலாம். அதைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சிலர் குறுக்கு வழி காட்டுவார்கள். ரூட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிடு, பெட்டி நேரடியாக இணையத்தில் தெரியும், முடிந்தது வேலை என்று காணொளிகள் சொல்கின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். கேவிஎம் பெட்டியைத் திறந்தவர் உங்கள் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவருக்குச் சமம். அவர் பயோஸுக்குள் போகலாம், வட்டை அழித்துப் புதிதாக நிறுவலாம். ராஸ்பெர்ரி பை கொண்டு கட்டும் பைகேவிஎம் என்ற பெட்டியின் தொடக்கப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இரண்டுமே அட்மின்தான், அதன் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தது மற்றவருக்கும் தெரியும். முதல் நாளே மாற்ற வேண்டும், விபிஎன்னுக்குப் பின்னால்தான் வைக்க வேண்டும்.

இந்தப் பெட்டி எவ்வளவு வலிமையானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வட கொரியாவைச் சேர்ந்த கணினிப் பணியாளர்கள் பொய்ப் பெயரில் அமெரிக்க நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்த வழக்குகளைப் பற்றி 2025 ஜூன் மாதம் அமெரிக்க நீதித்துறை அறிக்கை வெளியிட்டது. நிறுவனங்கள் அனுப்பிய மடிக்கணினிகளை அமெரிக்காவிலேயே ஒரு வீட்டில் வைத்து, அவற்றோடு கேவிஎம் சுவிட்சை இணைத்து, கடல் கடந்து இயக்கியிருக்கிறார்கள். நிறுவனத்தின் கண்ணுக்கு அந்த மடிக்கணினி அமெரிக்க முகவரியில் இருக்கும் நல்ல பிள்ளை. விலாசத்தை மட்டும் வைத்து ஆளை நம்பக்கூடாது என்பது நம் தாத்தா பாட்டிக்குத் தெரிந்த விஷயம்தான்!

"எல்லாம் கிளவுட்டுக்குப் போய்விட்டது, பெட்டியும் கேபிளும் யாருக்கு வேண்டும்?" என்று ஒரு கேள்வி வரும். விரிவுரையாளர்களே சிலர் கேட்கிறார்கள். கிளவுட் வானத்தில் இல்லை. சைபர்ஜெயாவில் இருக்கிறது, ஜொகூரில் வரிசையாக எழுந்துகொண்டிருக்கும் தரவு மையங்களில் இருக்கிறது. அங்கே அடுக்கடுக்காக நிற்கும் சர்வர்களின் மேலாண்மை முனைக்கும் யாரோ ஒருவர் முகவரி வைக்கத்தான் வேண்டும். தனிப் பெட்டியாக இல்லாமல் சர்வருக்குள்ளேயே பொருத்தி வந்தாலும் கேட்கும் கேள்விகள் அவைதாம்: எந்த எண், எந்த வாசல், யார் நுழையலாம். அந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது, திரையில் வரைந்த ரூட்டரில் மட்டும் பழகியவனையும் கையில் பெட்டியோடு மல்லுக்கட்டியவளையும் கேள்வி கேட்பவர் இரண்டே நிமிடத்தில் வேறுபடுத்திவிடுவார். பாக்கெட் டிரேசர் நல்ல மென்பொருள், நானும் அதில்தான் கற்றேன். ஆனால் அதில் கேபிள் தானாகக் கழன்று விழாது, ஸ்டிக்கர் உரிந்து மேக் முகவரி அழியாது, முந்தைய மாணவர் என்ன எண் வைத்துவிட்டுப் போனார் என்று தெரியாமல் முழி பிதுங்காது.

எனவே பாலிடெக்னிக், பல்கலைக்கழக ஆய்வகங்களிடம் நான் கேட்பது பெரிய முதலீடு அல்ல. பெரிய நிறுவனங்களுக்கான கேவிஎம் பெட்டி பல ஆயிரம் ரிங்கிட் ஆகும், உண்மைதான். மாணவர் கட்டிப் பழகும் பைகேவிஎம் வகைப் பெட்டியைச் சில நூறு ரிங்கிட்டில் தொடங்கலாம். ஆய்வகத்துக்கு ஒன்று. அதற்கு முகவரி வைப்பது ஒவ்வொரு குழுவின் வேலை. அடுத்த குழு அதை எங்கேயோ மறைத்து வைத்த எண்ணிலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். தேர்வு அவ்வளவுதான். ஆவணம் எழுதாத குழுவுக்கு மதிப்பெண் பாதி.

இதை ஈப்போவில் கற்ற ஒருவர் ஈப்போவிலேயே இருந்து பயன்படுத்தவும் முடியும். பேராக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல தோட்டத்தில் பிறந்தவை, சில இன்னும் செம்பனைக்கு நடுவில்தான் நிற்கின்றன. கணினிக் கூடத்துச் சர்வர் எழவில்லை என்றால், பழுது பார்ப்பவர் பட்டணத்திலிருந்து போக வேண்டும். போகும்வரை கூடம் பூட்டியே கிடக்கும். போய்ப் பார்த்தால் இரண்டு பொத்தான் வேலையாகவும் இருக்கலாம். முன்னாள் மாணவர் சங்கங்கள் கணினி வாங்கிக் கொடுப்பதைப் பத்திரிகையில் படமாகப் பார்க்கிறோம், நல்ல காரியம். அடுத்த முறை பத்துக் கணினிக்குப் பதில் ஒன்பது கணினியும் ஒரு கேவிஎம் பெட்டியும் கொடுக்கலாமே.

கொடுப்பதற்கு முன் பள்ளி நிர்வாகத்தின் அனுமதியோடு ஒருநாள் போய், ரூட்டரின் வெளிப்பக்க முகவரி 100இல் தொடங்குகிறதா, ஐபிவி6 இருக்கிறதா, கூடத்துக்குள் எந்தக் கைப்பேசி நிறுவனத்தின் 4ஜி கிடைக்கிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு வர வேண்டும். பள்ளி விடுமுறைக்கு முன்பே போவது நல்லது, விடுமுறையில் ரூட்டரின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். தாப்பா, பீடோர், சுங்கை சிப்புட் பக்கம் வீடுள்ள கணினி மாணவர்கள் இந்தப் பருவ விடுமுறையில் ஆளுக்கு ஒரு பள்ளியை எடுத்துக்கொண்டால், ஒரு பதிவேடு தொடங்கப் போதுமான விவரம் கிடைத்துவிடும்.